நம் டிபன் வண்டிக்குப் பின்னால் ஒரு கண்

நம் கூட்டமைப்பின் டிபன் வண்டிக்குப் பின்பக்கம் முழுக்கத் தகரப் பெட்டி. வெளிக்கண்ணாடிகளில் இரண்டு பக்கம்தான் தெரியும். நேர் பின்னால் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் தெரியவே தெரியாது. போன மாதம் ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சைக்கிள் நசுங்கியது. அதை ஓட்டி வந்த பிள்ளை இட்லி வாங்கப் பக்கவாட்டில் நின்னதால தப்பிச்சது. உடனே கேமரா போட்டோம்.

பின் கேமராவை மேலே, நடுவில், கீழ்நோக்கிச் சாய்த்து வைக்கணும். படத்தின் அடியில் பம்பர் கொஞ்சம் தெரிந்தால்தான் தூரம் பிடிபடும். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் மாறித் தெரியணும். இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தப்பாக ஒடிப்போம். ரிவர்ஸ் விளக்கு வயரிலிருந்து இணைப்பு கொடுத்தால், கியர் போட்டதும் திரையில் படம் வரும். ஓட்டுபவருக்கு இடதுபக்கம் எட்டாத பக்கம். அங்கே இன்னொரு கேமரா, சாவி போட்டதிலிருந்து ஓடும்.

வயர் போகும் தகரத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம். தகரம் வயரை அறுத்தால் ஷார்ட் ஆகும், உள்ளே கேஸ் சிலிண்டர் இருக்கு! ஃபியூஸ் "எதுக்குக்கா?" என்றார் மெக்கானிக். போடச் சொல்லி நின்னோம்.

லென்ஸில் எண்ணெய்ப் பிசுக்கு படியுது. தினமும் துடைக்க முறை போட்டிருக்கிறோம். கீழே இறங்கிப் பார்த்து, "வரலாம்" என்று சொல்லும் ஆளையும் நிறுத்தவில்லை.