உங்களுக்குத் தெரியுமா? ரீடிங் ரோடும் கூப்பன் கறியும்

பிர்லா மந்திரும் டி.டி.இ.ஏ. தமிழ்ப் பள்ளியும் இருக்கும் டெல்லி மந்திர் மார்க்கின் பழைய பெயர் ரீடிங் ரோடு. 1921 முதல் 1926 வரை வைஸ்ராயாக இருந்த ரீடிங் பிரபுவின் பெயர் அது. வைஸ்ராய் ஆவதற்கு முன், முதல் உலகப்போரில் பிரிட்டனுக்காக அமெரிக்காவில் கடன் திரட்டியவர் அவர். நேச நாடுகள் அங்கே கோதுமையும் பன்றிக்கறியும் வாங்க அமெரிக்கக் கடன்தான் கைகொடுத்தது.

பிரிட்டனில் இறைச்சிக் கட்டுப்பாட்டின் கதை அதற்கும் முன்பே தொடங்கிவிட்டது. ஆஸ்திரேலியா, நியூஸிலாந்திலிருந்து வரும் கப்பல்களின் குளிர்பதன அறைகளை 1915-லேயே பிரிட்டிஷ் அரசு தன்வசம் எடுத்துக்கொண்டது. படைக்குப் போக மிச்சம்தான் கசாப்புக்கடைக்கு. 1917-இல் இறைச்சிக்கு அரசு உச்ச விலை வரம்பு வைத்தது. 1918 பிப்ரவரி 25 முதல் லண்டனில் ரேஷன்.

கூப்பன் ஒன்றுக்கு முதலில் 5 பென்ஸ் பெறுமான கறி. எடைக் கணக்கே கிடையாது. நல்ல தொடைக்கறி கேட்டால் சின்னத் துண்டு. எலும்பும் கொழுப்புமாக மலிவுக்கறி போதும் என்றால் பை கொஞ்சம் கனக்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான்!

இந்தியாவில், இரண்டாம் உலகப்போரின்போது, கட்டுப்பாடு வேறு வடிவில் வந்தது. உழவுக்கும் வண்டிக்கும் பாலுக்கும் மாடு பற்றாமல் போகவே, 3 முதல் 10 வயதுள்ள காளைகளையும் கறவைப் பசுக்களையும் ராணுவத்துக்காக வெட்டக் கூடாதென்று 1944-இல் தடை போட்டார்கள்.

அதே போரில் பிரிட்டன் 1940-இல் தொடங்கிய இறைச்சி ரேஷன், போர் முடிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1954 ஜூலையில்தான் நீங்கியது.