பழைய கணினிக்கு ரேம் கூட்டலாமா? கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

நம் வீடுகள் பலவற்றில் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆன கணினி ஒன்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிள்ளைகளின் பள்ளி வேலை, கல்வி உதவித்தொகை விண்ணப்பம், ஹஜ் விண்ணப்பம், வளைகுடாவில் இருக்கும் வாப்பாவோடு வீடியோவில் பேசுவது என எல்லாம் அதில்தான் நடக்கிறது. ஒருநாள் அது தவழ ஆரம்பிக்கிறது. ஆன் செய்துவிட்டு லுஹர் தொழுதுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "ரேம் பத்தலைங்க. இன்னொரு நாலு ஜிபி போட்டா பறக்கும்."

இந்தப் பதில் சில வீடுகளுக்குச் சரி. பல வீடுகளுக்கு வீண் செலவு. உங்கள் வீடு எந்த வகை என்பதை ஒரு ரூபாய் செலவில்லாமல் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

ரேம் என்பது என்ன என்று முதலில் பார்ப்போம். ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்படியை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் மேடை மேல் இருக்கின்றன. அந்த மேடைதான் ரேம். மற்ற சாமான்கள் எல்லாம் உள்ளே ஸ்டோர் ரூமில் இருக்கின்றன. அதுதான் ஹார்ட் டிஸ்க். மேடை சின்னதாக இருந்தால் ஒரு பாத்திரத்தை வைக்க இன்னொன்றை உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும். பிறகு அதையே திரும்ப எடுத்து வர வேண்டும். கணினியும் இதையேதான் செய்கிறது. ரேம் நிரம்பியதும் அப்போது தேவைப்படாதவற்றை ஹார்ட் டிஸ்க்கின் ஒரு மூலையில் இறக்கி வைக்கிறது, கேட்கும்போது திரும்ப எடுக்கிறது. அந்த நடையில்தான் நேரம் போகிறது. ஆனால் மேடை ஏற்கெனவே போதுமான அளவு இருந்தால், அதை இன்னும் நான்கு அடி நீட்டினாலும் கஞ்சி சீக்கிரம் வெந்துவிடாது.

ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, நம் கணினியில் மேடை உண்மையிலேயே நிரம்பி வழிகிறதா என்பதுதான்.

விண்டோஸ் 10 உள்ள கணினியில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். சின்னதாகத் திறந்தால் கீழே உள்ள 'மோர் டீட்டெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்துக்குப் போனால் சிபியு, மெமரி, டிஸ்க் என்று தனித்தனி வரைபடங்கள் தெரியும். அப்படியே விட்டுவிட்டு, வீட்டில் கணினிக்கு அதிக வேலை இருக்கும் நேரத்தைப் போலவே எல்லாவற்றையும் திறங்கள். வழக்கமாக எட்டு டேப் திறப்பீர்கள் என்றால் எட்டும் திறக்க வேண்டும். வேர்டு கோப்பு, வீடியோ அழைப்பு எல்லாம் சேர்த்துத் திறந்து, ஒரு கால் மணி நேரம் வேலை செய்துவிட்டுப் பாருங்கள்.

மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறது, ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் டிஸ்க் 100 சதவீதத்துக்குத் தாவுகிறது என்றால் ரேம் பற்றாக்குறைதான். கடைக்காரர் சொன்னது சரி.

மெமரி 50, 60 சதவீதத்தில் இருக்க, கணினியை ஆன் செய்ததிலிருந்தே டிஸ்க் மட்டும் 100இல் ஒட்டிக்கொண்டிருந்தால் குற்றவாளி ஹார்ட் டிஸ்க். இந்தக் கணினியில் 16 ஜிபி ரேம் போட்டாலும் அந்த வட்டம் சுற்றத்தான் செய்யும். இரண்டும் சும்மா இருக்க, யூடியூப் பயான் ஓடும்போது சிபியு மட்டும் 100ஐத் தொட்டால் பிராசசருக்கு வயதாகிவிட்டது என்று பொருள். இன்றைய வீடியோக்கள் சுருக்கப்படும் முறையைப் பழைய பிராசசர்களின் கிராஃபிக்ஸ் பகுதிக்குப் பிரிக்கத் தெரியாது. மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது. அதற்கு ரேமும் மருந்தல்ல, டிஸ்க்கும் மருந்தல்ல. வீடியோவை 480க்குக் குறைத்துப் பார்ப்பதுதான் இலவச வைத்தியம்.

ஒரு எச்சரிக்கை. மெமரி 70 சதவீதம் காட்டுகிறது என்பதற்காகப் பதற வேண்டாம். 'அவைலபிள்' என்ற இடத்தில் ஒரு ஜிபியாவது மீதம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நேரத்தில் உங்கள் கணினிக்குப் பசி இல்லை.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தகவலைத் தேடி எடுக்க ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகிறது. எஸ்எஸ்டியில் அதே வேலை அதில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் முடிகிறது. விண்டோஸ் திறக்கும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் தகவல்களைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆகவே 4 ஜிபி ரேமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் உள்ள கணினிக்கு ஏதாவது ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், என் ஆலோசனை எஸ்எஸ்டிதான். 240 அல்லது 256 ஜிபி போதும். ரேம் பற்றாக்குறை கொஞ்சம் இருந்தாலும், சாமானை எடுத்து வரும் தூரம் குறைந்துவிடுவதால் அதுவும் பாதி மறைந்துவிடும். 2 ஜிபி மட்டுமே உள்ள கணினியில் எஸ்எஸ்டி மட்டும் போட்டு விண்டோஸ் 10ஐ ஓட்டுவது சிரமம். இரண்டையும் மாற்ற வேண்டும், அல்லது இரண்டையும் விட்டுவிட வேண்டும்.

சரி, ரேம்தான் தேவை என்று தெரிந்துவிட்டது. கடைக்குப் போகலாமா? இன்னும் இல்லை. பணம் வீணாவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உங்கள் விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா? 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'அபவுட்' என்று போனால் எழுதியிருக்கும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பார்க்காது. அதிலும் மூன்று, மூன்றரை ஜிபிதான் பயன்பாட்டுக்கு வரும். நீங்கள் 8 ஜிபி போட்டுவிட்டு வந்தாலும் மீதி சும்மாதான் கிடக்கும். பிராசசர் 64 பிட்டாக இருந்தால் விண்டோஸை மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்து ரேமின் வகை. டிடிஆர்3, டிடிஆர்4 என்பவை ஒன்றின் ஸ்லாட்டில் இன்னொன்று பொருந்தாது. நடுவில் உள்ள வெட்டின் இடமே வேறு. மடிக்கணினியின் ரேம் நீளத்தில் சிறியது. டிடிஆர்3இல் 'எல்' என்று முடியும் வகை 1.35 வோல்ட்டில் ஓடுவது, சாதாரண வகைக்கு 1.5 வோல்ட் வேண்டும். 'எல்' வகை மட்டுமே ஏற்கும் மடிக்கணினியில் மற்றதைப் போட்டால் ஆன் ஆகாமல் போகலாம். 'சிபியு-இசட்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால் எந்த ஸ்லாட்டில் என்ன வகை, எத்தனை ஜிபி என்று எல்லாவற்றையும் காட்டிவிடும். அந்தத் திரையை மொபைலில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

பிறகு மதர்போர்டின் உச்சவரம்பு. ஜி41 சிப்செட் உள்ள பழைய போர்டுகள் அதிகபட்சம் 8 ஜிபிதான் ஏற்கும். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ள 4 ஜிபி ரேம்தான் அவற்றில் வேலை செய்யும். ஒரே பக்கத்தில் எட்டு சிப் உள்ள 4 ஜிபி ரேமை அவை சரியாக அடையாளம் காணா. எச்61 போர்டுகளில் இந்தத் தொல்லை இல்லை, 16 ஜிபி வரை போகும். இதைவிட மோசமான பொறி ஒன்று இருக்கிறது. மிகவும் மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி பிராசசர் உள்ள போர்டுகளில் மட்டுமே ஓடும். இன்டெல் போர்டில் செருகினால் திரையே வராது. விலை ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் "இன்டெல் போர்டுல ஓடுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்வோருக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம் போதும் என்றாலும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். ரேம் எவ்வளவு கூட்டினாலும் ஒரு பழைய கணினிக்கு இந்தத் தகுதி வந்துவிடாது. வங்கிக் கணக்கு பார்ப்பதும் பணம் அனுப்புவதும் அதே கணினியில்தான் என்றால் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. "விண்டோஸ் 11ஐ எப்படியாவது போட்டுத் தர்றேன்" என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் அது கிராக் செய்த பிரதியாக இருக்கும். பிறர் உழைப்பை விலை கொடுக்காமல் எடுப்பது ஹலாலா என்ற கேள்வி ஒருபுறம், அதற்குள் என்ன புகுத்தப்பட்டிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது என்ற கவலை மறுபுறம்.

இதற்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. லினக்ஸ் மின்ட் இலவசமாகவே கிடைக்கிறது. 4 ஜிபி ரேமில் நன்றாக ஓடுகிறது. பிரவுசர், லிப்ரே ஆபீஸ், தமிழ் தட்டச்சு எல்லாம் உண்டு. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய இலவச மடிக்கணினிகள் நம்மவர் வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன. அவற்றில் சிலவற்றை இப்படி எழுப்பிவிடலாம். குர்ஆன் ஓதக் கேட்பதற்கும் பிள்ளைகளின் பாடத்துக்கும் தாராளம்.

எவ்வளவு வரை செலவு செய்யலாம்? நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. ரேம், எஸ்எஸ்டி, கடைக்காரர் கூலி எல்லாம் சேர்த்து, அலுவலகங்களில் ஓடிக் கழிந்து வரும் எட்டாம் தலைமுறைக் கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டால், பழையதில் பணம் போட வேண்டாம். அப்படிப்பட்ட கணினிகள் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உத்தரவாதத்தோடு கிடைக்கின்றன. 2025 இறுதியிலிருந்து மெமரி சிப்புகளின் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்குத் தேவைப்படும் மெமரியின் பக்கம் தயாரிப்பாளர்கள் திரும்பியதே முக்கியக் காரணம். ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் மச்சான் என்ன விலைக்குப் போட்டார் என்பதை வைத்துத் திட்டமிடாதீர்கள். அன்றைய விலையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

எஸ்எஸ்டி மாற்றினால் கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். இது நம் குடும்பங்களில் அடிக்கடி கவனிக்காமல் விடப்படுகிறது. கல்யாண ஆல்பம், வீட்டுப் பெண்களின் படங்கள், ஆதார், பாஸ்போர்ட் நகல் எல்லாம் அதில்தான் இருக்கும். 'டெலிட்' செய்துவிட்டோம் என்பது போதாது, அழித்த படங்களை மீட்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கையோடு வாங்கிவந்து, ஒரு கேஸில் போட்டு யுஎஸ்பி டிஸ்க்காகப் பயன்படுத்துங்கள். கணினியையே விற்பதாக இருந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு விற்பது நல்லது. அதில் என்ன குறை இருக்கிறது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். குறையை மறைத்து விற்பது நம் மார்க்கத்தில் மோசடி.

ரேம் செருகுவது கடினமான வேலை அல்ல. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். இரண்டு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று விழும் வரை அழுத்த வேண்டும். சொல்ல மறந்துவிட்டேன், அடிக்கடி நின்று போகும் அல்லது பீப் சத்தம் போடும் கணினியாக இருந்தால், புதிதாக எதையும் வாங்கும் முன் இருக்கும் ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறக் கால்களை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டுத் திரும்பச் செருகிப் பாருங்கள். சில வீடுகளில் கதை இதோடு முடிந்துவிடும். புதிய ரேம் போட்டிருந்தால் ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தட்டி, இரவு தூங்கப் போகும்போது சோதனையை ஓடவிடுங்கள். பிழை காட்டினால், மறுநாளே பில்லோடு கடைக்குப் போய் மாற்றிக் கேளுங்கள்.