ஓசையின்றித் தேயும் அமானிதம்



சிறுநீரக நோய் என்றதும் நம்மவரின் ஐயம் முதலில் கிணற்று நீரின் மீதே விழுகின்றது. அதற்குக் காரணமும் உண்டு. 1990களில் வடமத்திய மாகாண விவசாயிகளிடையே இனங்காணப்பட்ட, காரணம் முற்றாக அறியப்படாத சிறுநீரக நோய், நமது திருகோணமலை மாவட்டத்தின் பதவிசிறிபுரவிலும் காணப்பட்டது. ஆயினும், நீண்டகால நீரிழிவு போன்ற அறியப்பட்ட காரணங்கள் இல்லாத நோயாளருக்கே அப்பெயர் வழங்கப்படுகின்றது என்பதைப் பலர் அறியார். போத்தல் நீரை மட்டும் அருந்திக்கொண்டு, பல்லாண்டு காலச் சீனி வருத்தத்தைப் பொருட்படுத்தாதிருக்கும் முதியவர், முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்தவராவார்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்ணிய வடிகட்டிகளை அல்லாஹ் அமைத்துள்ளான். வயது ஏற ஏற அவை இயல்பாகவே குறைகின்றன. குருதியில் மிகுந்த சீனி எஞ்சியவற்றைத் தழும்பாக்குகின்றது. உயர் குருதியமுக்கம் அவற்றின் நுண்குழாய்களைத் தடிக்கச் செய்கின்றது. பழுதடைந்த சிறுநீரகமோ அமுக்கத்தை மேலும் உயர்த்துகின்றது. இவ்வளவும் நோவின்றி நிகழ்கின்றன. கால் வீங்கி, மூச்சு முட்டும் வேளையில் பெரும்பகுதி அழிந்திருக்கும்.

இங்கு ஒரு மயக்கத்தையும் சுட்டிக்காட்ட வேண்டும். சிறுநீரகம் தளரும்போது இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்குவதால் சீனியின் அளவு தாழக்கூடும். “வாப்பாவுக்குச் சீனி குறைந்துவிட்டது” என்று வீட்டார் மகிழ்வர். அது சுகமாக இல்லாமல், ஆபத்தின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

ஆகவே நீரிழிவோ அமுக்கமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையேனும் குருதியில் கிரியற்றினினையும் சிறுநீரில் அல்புமினையும் பரிசோதித்தல் வேண்டும். மெலிந்த முதியவரிடம் கிரியற்றினின் சாதாரண அளவாகத் தோன்றினும் சிறுநீரகம் தளர்ந்திருக்கக்கூடும். எனவே வயதையும் சேர்த்துக் கணிக்கும்படி வைத்தியரிடம் கேட்பது நன்று. கிளினிக்கில் தரும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தலாகாது. மூட்டு நோவுக்காக டைக்குளோபினக், இபுபுரூபன் போன்றவற்றைப் பாமசியில் தாமாக வாங்கி உண்பதும் சிறுநீரகத்திற்குத் தீங்காகும். உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைக்கின்றது; கடற்கரை மக்களாகிய நாம் கருவாட்டையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

றமழானுக்கு முன்னரே, நோன்பு நோற்கலாமா, மாத்திரை நேரங்களை எவ்வாறு மாற்றலாம் என வைத்தியரிடம் வினவுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்துள்ளது. தீராத நோயாளி ஃபித்யா கொடுக்கலாம். அச்சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

சகோதரர்களே! உங்கள் உம்மா, வாப்பா இறுதியாக எப்போது சிறுநீர் பரிசோதித்தனர்? இன்றே கேளுங்கள். உடல் எனும் அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல நாயன் நமக்குத் தௌபீக் செய்வானாக. ஆமீன்.