கருவிக்கு எழுதும் விளக்கம்

நம் கல்லூரியின் பழைய மாணவர் இன்று நெடுந்தீவிலும் ஊர்காவற்றுறையிலும் உளர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அவர்களினும் பலர் உளர். இவர்களெல்லாம் ஒருங்கு கூடும் மண்டபமாக டிஸ்கோர்ட் என்னும் உரையாடற்றளம் அமைந்துள்ளது. 2015ஆம் ஆண்டில் தோன்றிய அத்தளத்திற் ‘சேர்வர்’ எனப்படுவது பல அறைகளையுடைய ஒரு சபை. வாழ்த்துக்கு ஓர் அறை, மரண அறிவித்தலுக்கு ஓர் அறை, கோயிற் செய்திக்கு ஓர் அறை என வகுத்துக்கொண்டோம். இரவு பகலாக அதனை மேற்பார்க்க ஆளில்லாமையால், கணினி கற்ற இளைஞர் சிலர் செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றை அமர்த்தினர். அதனால் நேர்ந்த ஒரு துன்பமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

நெடுந்தீவைச் சேர்ந்த முதியவர் ஒருவர், ஊரிற் காலமான தம் தமக்கையாரின் மரண அறிவித்தலை மூன்று அறைகளில் இட்டார். ஒரே செய்தி பலமுறை வரின் மிகையானதை நீக்குமாறு முகவருக்கு முன்னரே பணித்திருந்தோம். அதன் கையில் ‘நீக்கு’ என்னும் பெயருடைய கருவி ஒன்று இருந்தது. விளக்கமோ ‘சேர்வரிலிருந்து நீக்கும்’ என்னும் இரு சொல்லே. முகவர் அதனை இயக்கிற்று. நீங்கியது செய்தியன்று, முதியவர். அவர் தடைசெய்யப்பட்டார், அவருடைய ஏழு நாட் செய்திகளும் உடன் அழிந்தன. பிறர் எழுதிய அனுதாபங்கள் மட்டும் யாருக்கென்று தெரியாமல் எஞ்சி நின்றன. மறுநாள் அவர் தொலைபேசியில், “தம்பி, நான் என்ன பிழை விட்டனான்?” என்று கேட்டபோது நாம் விடையறியாது நின்றோம்.

முகவர் பிழைசெய்தது என்று கூறிவிடுதல் எளிது. அஃது எதனைப் பார்த்து முடிவுசெய்தது என்று ஆராய்தல் வேண்டும். 2024 நவம்பரில் அந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்.சி.பி. என்னும் நெறிமுறையின்படி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அது கேட்கும் தரவுகளின் வடிவம் ஆகியன எழுதிக் கொடுக்கப்படும். முகவர் கருவியின் உள்ளமைப்பைக் காண்பதில்லை, இவ்வெழுத்தையே காண்கிறது. குறிகட்டுவான் துறையிற் ‘படகு புறப்படும்’ என்று மட்டும் பலகை எழுதி வைத்தால் நம்மவர் இடர்ப்படார். நயினாதீவுப் படகு எது, நெடுந்தீவுப் படகு எது என்று பார்த்தவுடன் அறிவர். புதிதாய் வந்தவரோ பலகையை நம்பி ஏறுவார். நாகபூஷணி அம்மனைத் தரிசிக்க வந்தவர் நெடுந்தீவில் இறங்குவார்.

நன்னூலார் நூலுக்குரிய குற்றங்கள் பத்தினை வகுத்தார். நாவலர் காண்டிகையுரையோடு அதனைக் கற்ற நமக்கு, அவற்றுள் முதலாவதாகிய குன்றக் கூறல் இங்கு நிகழ்ந்தமை உடனே புலனாயிற்று. மயங்க வைத்தலும் உடனிருந்தது. ‘நீக்கு’ என்னுஞ் சொல் செய்தியை அழித்தலுக்கும், ஆளை வெளியேற்றலுக்கும், மீண்டும் வாராது தடுத்தலுக்கும் பொதுவாய் நிற்கும். டிஸ்கோர்ட்டில் இவை வெவ்வேறு வினைகள். வெளியேற்றப்பட்டவர் அழைப்பிருந்தால் மீளலாம். தடைசெய்யப்பட்டவர் தடை நீங்கும்வரை மீளவியலாது. பேச்சை மட்டும் நிறுத்திவைத்தல் என நான்காவதொன்றும் உண்டு.

இளைஞர் விளக்கத்தைத் திருத்தித் தருமாறு நம்மிடம் கேட்டனர். நிரலெழுத அறியாத தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என்றே முதலில் எண்ணினோம். பின்னர் எழுதியது வருமாறு:

“உறுப்பினரைத் தடைசெய். உறுப்பினர் ஒருவரை வெளியேற்றி, தடையை ஒருவர் எடுக்கும்வரை மீண்டும் சேராது தடுக்கும். கேட்டுக்கொண்டால் அவருடைய கடந்த 7 நாட் செய்திகள் வரை அழிக்கும், அழிந்தவை மீளா. ஒரு செய்தியை மட்டும் அகற்ற இதனைக் கையாளற்க. ‘செய்தியை அழி’ என்பதைக் கையாள்க. சில காலம் பேசாதிருக்கச் செய்ய ‘பேச்சை நிறுத்து’ என்பதைக் கையாள்க. அதன் எல்லை 28 நாள். குழுவினர் ஒருவர் ஒப்புதல் தந்தபின்னரே இயக்குக.”

இத்துணை நீளம் வேண்டுமோ என்று ஓர் இளைஞர் வினவினார். ஒத்த கருவிகள் அருகருகே கிடக்கும்போது, இஃது எதற்கு ஆகாது என்று கூறும் வாக்கியமே முகவரை உரிய கருவியின்பாற் செலுத்தும். ஆயினும் மிகைபடக் கூறலும் குற்றமே. கழகத்தின் நோக்கத்தை ஒவ்வொரு விளக்கத்திலும் முதலில் எழுதியிருந்தோம், ஆசிரியர் வழக்கம்! அவற்றை வெட்டினோம்.

தரவிலும் ஓர் இடர் உண்டு. ‘உறுப்பினர்’ என்று மட்டும் எழுதினால் எதனைக் கொடுப்பது? தீவுகளில் ஒரே பெயருடையோர் பலர். டிஸ்கோர்ட் ஒவ்வொருவருக்கும் 17 முதல் 19 வரை இலக்கங்கள் கொண்ட எண்ணொன்றை வழங்குகிறது, அதனையே கேட்டோம். அதுவும் எழுத்துத் தொடராக வரவேண்டும் என்று குறித்தோம். வெறும் எண்ணாகக் கொடுப்பின், ஏறக்குறைய 16 இலக்கங்களுக்கு அப்பால் நிரல்கள் சில ஈற்றிலக்கங்களை மாற்றிவிடும்; அவ்வெண் பின்னர் அவரைக் குறியாது.

விளக்கம் எழுதியதோடு காவல் முடிந்ததென்று கருதற்க. எம்.சி.பி.யில் ‘இக்கருவி அழிக்கும் தன்மையது’ என்று குறிக்க இடமுண்டு. அது குறிப்பேயன்றிப் பூட்டன்று. ஆதலின் ஒப்புதலின்றித் தடை இயங்காதவாறு இளைஞர் நிரலிலும் தடுப்பு வைத்தனர்.

முதியவரின் தடையை எடுத்து, மருமகனார் வாயிலாக அழைப்பு அனுப்பினோம். வந்தார், அறிவித்தலை மறுபடி இட்டார். இம்முறையும் மூன்று அறைகளில். மிகையான இரண்டையும் அழிக்கலாமா என்று முகவர் குழுவினரைக் கேட்டது. வேண்டாம் என்றோம்.