முதல் ஊசிக்கு முன்

1971 ஜூலையில், நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குப் பெய்ஜிங்கில் குடல்வால் அறுவை நடந்தது. மரப்பு மருந்து கொடுத்துத்தான் அறுத்தார்கள். அதன்பின் வந்த வயிற்று உப்புசத்துக்கு, அங்கிருந்த மருத்துவர் முழங்கையிலும் முழங்காலுக்குக் கீழும் மெல்லிய ஊசிகளைச் செருகினார். ரெஸ்டன் அதைப் பத்திரிகையில் எழுத, அமெரிக்காவே அக்குபங்சரைப் பற்றி விசாரிக்கத் தொடங்கியது.

இன்று பிரிட்டனில் டாக்டர்களும் பிசியோதெரபிஸ்டுகளும்கூட இந்த ஊசியைப் போடுகிறார்கள். ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் தடுக்க, மருந்துகள் ஒத்துவராதபோது, 5 முதல் 8 வாரங்களுக்குள் 10 அமர்வுகள் வரை தரலாம் என்கிறது அந்நாட்டின் 2012 வழிகாட்டுதல்.

முதன்முறை போகிறவருக்குப் பயமே ஊசியைப் பற்றித்தான். மருந்தேற்றும் ஊசி உள்ளே குழாய்; சதையை வெட்டிக்கொண்டு நுழையும்படி முனை சாய்த்துச் சீவப்பட்டிருக்கும். அக்குபங்சர் ஊசியில் துளையே இல்லை. தடிமன் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர். அது திசுவை விலக்கிக்கொண்டு இறங்குவதால், பெரும்பாலும் ரத்தம் வருவதில்லை. குத்தும்போது சுருக்கென்று ஒரு கணம். பிறகு அந்த இடத்தில் கனமான, மந்தமான வலி. உறை பிரித்து ஒருமுறை போட்ட ஊசி மறுபடி யாருக்கும் பயன்படக் கூடாது. இதை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ள நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

வெறும் வயிற்றோடு போகக் கூடாது, மயக்கம் வரலாம். முதல் அமர்வில் படுக்கவைத்தே ஊசி போடுவதும் அதனால்தான். கை, காலைச் சுருட்டி ஏற்றும்படியான தளர்ந்த உடை போதும்.

டாக்டரிடம் சொல்லவேண்டியவைதான் முக்கியம். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை, ஹீமோஃபீலியா, கர்ப்பம், நிக்கல் ஒவ்வாமை, முன்பு ஊசியைக் கண்டு மயங்கியது என எதையும் மறைக்கக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஊசி வழியே மின்சாரம் செலுத்துவது ஆபத்து. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் போவதும் ஆபத்து.

பலன்? ஜெர்மனியில் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1,162 பேரிடம் நடந்து, 2007-இல் வெளியான ஆய்வில், ஆறு மாதம் கழித்து அக்குபங்சரால் பலன் கண்டவர்கள் 47.6 சதவீதம். அக்குபங்சருக்கென வகுத்த புள்ளிகளை விட்டுவிட்டு வேறு இடங்களில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 27.4 சதவீதம்தான். வலி தணிவது நிஜம். ஆனால் இன்ன புள்ளியில்தான் குத்தவேண்டும் என்று அடித்துச் சொல்ல இந்த எண்கள் இடம்தரவில்லை. எப்படியிருந்தாலும், வலிக்குக் காரணம் என்னவென்று முதலில் பரிசோதித்துத் தெரிந்துகொண்டு, அதன்பிறகு ஊசிக்குப் போவதே சரி.

ஊசி எடுத்தபின் சிலருக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும்; முதல் நாள் வண்டி ஓட்டாமல், துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். சிறு ரத்தக்கட்டு தானே மறையும். தோள், மார்பு, மேல்முதுகில் ஊசி போட்டபின் மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும்: மிக அரிதாக, ஊசி நுரையீரல் உறையைத் துளைத்துவிடுவதுண்டு.