எரர் 691 வந்தா ரீடயல் பண்ணாதீங்க... டயல்-அப் செட்டிங்ஸ் சொல்லித் தரும் பாடம் என்ன?

மதுரைக்கு மேற்கே, கீழக்குயில்குடி. சமணர் மலை அடிவாரத்துல இருக்கற தாமரைக் குளத்தை போட்டோ எடுத்து அனுப்பினா, 2 எம்பி படம் சில விநாடியில எதிர்முனையில திறந்துடும். அதே படத்தை 56 கேபிபிஎஸ் டயல்-அப் இணைப்பில் இறக்க, முழு வேகம் கிடைத்தாலே கிட்டத்தட்ட 5 நிமிடம் ஆகும். நடுவுல லைன் கட்டானா பல நேரம் திரும்ப முதல்ல இருந்துதான்.

அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம் தனது டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. ஆனால் டயல்-அப் காலத்துக்காக எழுதப்பட்ட விதிகள் போகவில்லை. அதில் ஒன்று உங்கள் மொபைலுக்குள்ளேயே இருக்கிறது.

மதுரை கிராமங்களுக்கு இணையம் வந்தது எப்படி?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையை விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. நகரத்தில் தொலைபேசி கம்பி இருந்தது. கிராமத்தில் அதுவே அரிது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் சென்னை ஐஐடியின் 'கார்டெக்ட்'. கம்பிக்குப் பதிலாக வானலை. கூரையில் சின்ன ஆன்டெனா, வீட்டுக்குள் ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் கணினியை நேரடியாகச் செருகி டயல் செய்யலாம், தனி மோடம் வேண்டாம். வேகம் 35 அல்லது 70 கேபிபிஎஸ்.

2001-ல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' என்ற திட்டத்தின் கீழ் இந்தத் தொழில்நுட்பத்தில் கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சான்றிதழ், முதியோர் ஓய்வூதியத்துக்கான விண்ணப்பங்கள் இங்கிருந்து தாலுகா அலுவலகத்துக்குப் போயின. கண்ணைப் படம் பிடித்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனையும் கேட்டார்கள். பின்னாளில் இந்த மையங்களில் பலவும் மூடப்பட்டன.

ரீடயல் செட்டிங் எதுக்கு?

விண்டோஸில் டயல்-அப் இணைப்பின் 'ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் சில கேள்விகள் இருக்கும். எத்தனை முறை திரும்ப முயலணும்? முயற்சிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி? லைன் கட்டானா தானா டயல் பண்ணலாமா? சும்மா இருந்தா எத்தனை நிமிஷத்துல துண்டிக்கணும்?

பார்க்க சாதாரணம். ஆனா பில் இங்கதான் ஏறும். எதிர்முனை மோடம் எடுத்த உடனேயே அது ஒரு அழைப்பு. பாஸ்வேர்ட் தப்பாகி உள்ளே போகாவிட்டாலும் அழைப்புக்குக் காசு உண்டு. 50 முறை தானாக ரீடயல் ஆனால், 50 அழைப்பு.

அதனால்தான் வரும் பிழை எண்ணைப் பார்க்க வேண்டும்:

676: லைன் பிஸி. ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலலாம்.

678: எதிர்முனை பதில் சொல்லவில்லை. முதலில் கேபிளையும் மோடத்தையும் பாருங்கள்.

691: யூசர்நேம் அல்லது பாஸ்வேர்ட் ஏற்கப்படவில்லை. எத்தனை முறை அடித்தாலும் இதே பதில்தான். சரிபார்த்துவிட்டுத்தான் அடுத்த முயற்சி.

பழைய பிராட்பேண்டில் கணினியில் இருந்தே 'டயல்' கொடுத்தவர்களுக்கும் இந்த எண்கள் நல்ல பழக்கம்.

இடைவெளி விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரண்ட் போய் வந்ததும் ஊரே ஒரே நேரத்தில் டயல் செய்தால் யாருக்கும் லைன் கிடைக்காது. இன்றைய செயலிகள் பலவும் 1, 2, 4, 8 விநாடி என இடைவெளியைக் கூட்டிக்கொண்டே முயல்வது இதற்காகத்தான்.

பாதுகாப்பு பக்கத்தில் என்ன இருக்கு?

முக்கியமான கேள்வி, பாஸ்வேர்ட் எப்படிப் போகிறது என்பது.

பாப்: பாஸ்வேர்டை அப்படியே அனுப்பும். நடுவில் ஒட்டுக் கேட்பவர் படித்துவிடலாம்.

சாப்: எதிர்முனை ஒரு புதிர் அனுப்பும். பாஸ்வேர்டை வைத்துக் கணக்கிட்ட விடை மட்டும் திரும்பப் போகும். பாஸ்வேர்ட் லைனில் போகவே போகாது. ஒவ்வொரு முறையும் புதிர் மாறும் என்பதால் பழைய விடையைத் திருடியும் பயனில்லை.

எம்எஸ்-சாப் 2: எதிர்முனையும் தன்னை நிரூபிக்க வேண்டும். ஆனால் இதையும் உடைக்க முடியும் என 2012-ல் செயல்முறையாகக் காட்டப்பட்டது. தனியாக இதை மட்டும் நம்ப வேண்டாம் என மைக்ரோசாப்ட்டே எச்சரித்தது.

'கால்பேக்' என்ற வசதியும் உண்டு. நம்ம ஊர் மிஸ்டு கால் மாதிரிதான். நீங்கள் கூப்பிட்டதும் சர்வர் லைனைத் துண்டித்து, பதிவான எண்ணுக்குத் தானே திரும்ப அழைக்கும். பாஸ்வேர்டைத் திருடியவர் வேறு எண்ணில் இருந்து நுழைய முடியாது.

அன்றைக்கு இன்னொரு பெரிய மோசடி, 'டயலர்' வைரஸ். கணினியில் புகுந்து, டயல் செய்யும் எண்ணையே அதிகக் கட்டண வெளிநாட்டு எண்ணாக மாற்றிவிடும். உள்ளூர் அழைப்பு என நினைத்தவருக்கு ஐஎஸ்டி பில் வரும். எஸ்டிடி, ஐஎஸ்டி லாக் போட்டு வைத்தவர்கள் தப்பித்தார்கள்.

உங்க மொபைல்ல எங்கே இருக்கு?

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், மொபைல் நெட்வொர்க், ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ் எனப் போனால் 'ஆத்தென்டிகேஷன் டைப்' என்ற வரி இருக்கும். அதில் தெரியும் பாப், சாப் இரண்டும் டயல்-அப் காலத்து ஆசாமிகளே. மாடலைப் பொறுத்து இடம் சற்று மாறலாம்.

பார்க்கலாம், காரணம் இல்லாமல் மாற்ற வேண்டாம். 'ஏபிஎன் மாத்தினா நெட் பறக்கும்' என வரும் வீடியோ, மெசேஜை நம்பி ப்ராக்ஸி கட்டத்தில் தெரியாத முகவரியைப் போட்டால், உங்கள் இணையப் போக்குவரத்து யாரோ ஒருவரின் சர்வர் வழியே போக வாய்ப்பு உண்டு. தவறுதலாக மாற்றியிருந்தால், அதே பக்கத்தின் மெனுவில் 'ரீசெட் டு டிஃபால்ட்' கொடுத்தால் போதும். அப்போதும் நெட் வராவிட்டால், சரியான விவரத்தை உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் மட்டும் கேளுங்கள்.