பெரிய கடைசல் லேத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

— இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

தயிரைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் வழங்குவது பொருத்தமே. மோட்டார் வருவதற்கு முன்பு மரம் கடையும் பட்டறையில் ஒருவர் மத்துக் கயிற்றைப் போலக் கயிற்றை மாறி மாறி இழுக்க, மற்றொருவர் உளி பிடிப்பார். கட்டை முன்னும் பின்னுமாகச் சுழலும். உளியை நோக்கி வரும் சுற்றில்தான் மரம் சீவப்படும். திரும்பும் சுற்று வீண். மோட்டார் வந்த பிறகு ஒரே திசையில் ஓயாத சுழற்சி கிடைத்தது.

என் தாத்தா கயிறு இழுத்தவர். அப்பா மோட்டார் லேத்தில் கட்டில் கால், மத்து, சப்பாத்திக் கட்டை முதலியவற்றைக் கடைபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். சென்ற ஆண்டு எங்கள் பட்டறைக்குப் பெரிய லேத்து ஒன்று வாங்க வேண்டிய நிலை வந்தபோது, “நீ படிக்கிற பிள்ளைதானேம்மா, கணக்குப் போட்டுச் சொல்லு” என்றார் அப்பா. அவ்வாறு போட்ட கணக்கே இக்கட்டுரை.

நாங்கள் செய்த தவறு

பழைய லேத்தை வாங்கும்போது “ஆறடி லேத்து” என்றுதான் சொன்னார்கள். ஆறடி என்பது அடியில் உள்ள பெட்டின் முழு நீளம். ஹெட்ஸ்டாக், டெயில்ஸ்டாக் இரண்டும் உட்கார்ந்தது போக, இடையில் கட்டை மாட்டக் கிடைத்தது மூன்றரை அடியே. அதைவிட முக்கியமான ஓர் அளவை நாங்கள் கேட்கவே இல்லை. அது சென்டர் உயரம். அதாவது பெட்டிலிருந்து சுழலும் அச்சு வரை உள்ள உயரம். அது 5 அங்குலம். ஆகவே அந்த லேத்தில் 10 அங்குல விட்டத்துக்கு மேற்பட்ட கட்டை சுழலாது.

பிறகு ஒருவர் பலாக் கட்டைகளைக் கொண்டுவந்து மிருதங்கக் கூடு கடைந்து தரக் கேட்டார். நல்ல கூலி. ஆனால் 11 அங்குலச் சதுரக் கட்டையின் மூலைவிட்டம் 11 × √2, அதாவது ஏறக்குறைய 15½ அங்குலம். உருண்டையான பிறகு கட்டை சிறியதுதான். உருண்டையாகும் வரை மூலைவிட்டமே அதன் விட்டம். அப்பா ஹெட்ஸ்டாக்குக்கும் டெயில்ஸ்டாக்குக்கும் கீழே 3 அங்குலக் கட்டைகளை வைத்து உயர்த்தினார். கட்டை சுழன்றது. மூன்றாம் நாள் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு பறந்து அப்பாவின் தோளில் அடித்தது. காரை எலும்பு முறிந்து இரண்டு மாதம் பட்டறை பூட்டிக் கிடந்தது.

அது ஏன் பறந்தது?

இதற்கான விடை முதலாண்டுப் பாடத்திலேயே இருந்தது. எந்த மரக்கட்டையும் நடுவில் சரியாக எடை கொண்டிருப்பதில்லை. எங்கள் கட்டை சுமார் 30 கிலோ. அதன் எடை மையம் அச்சிலிருந்து ஒரே ஒரு சென்டிமீட்டர் விலகியிருந்ததாகக் கொள்வோம். பழைய லேத்தின் மிகக் குறைந்த வேகம் நிமிடத்துக்கு 800 சுற்று. அப்போது கட்டை அச்சை இழுக்கும் விசை, நிறை × கோண வேகத்தின் வர்க்கம் × விலகல் என்ற சூத்திரப்படி, ஏறக்குறைய 2,100 நியூட்டன். எளிமையாகச் சொன்னால் 215 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு, நொடிக்குப் பதின்மூன்று தடவை எல்லாத் திசையிலும் லேத்தை உலுக்குகிறது. உயர்த்த வைத்த கட்டைகளோ அந்த உலுக்கலை மேலும் பெரிதாக்கின.

அதே கட்டை 400 சுற்றில் ஓடினால் விசை 54 கிலோ அளவே. வேகம் பாதியானால் விசை கால் பங்காகும். எனவே பெரிய லேத்து என்றால் முதலில் தேட வேண்டியது வேகமன்று; மெதுவாக ஓடும் திறனே.

வேகத்துக்கு ஒரு வாய்பாடு

கடைசல் தொழிலில் ஓர் எளிய வாய்பாடு உண்டு. கட்டையின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்துச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால், விடை 6,000-க்கும் 9,000-க்கும் இடையில் இருக்க வேண்டும். 4 அங்குலக் கட்டில் காலுக்கு 1,500 முதல் 2,250 வரை ஓட்டலாம். 12 அங்குலக் கட்டைக்கு 500 முதல் 750 வரை. இவ்வெண்களின் பொருள், கட்டையின் விளிம்பு நொடிக்கு 8 முதல் 12 மீட்டர் வேகத்தில் உளியைக் கடக்கிறது என்பதே. இன்னும் உருண்டையாகாத கட்டையை இதற்கும் கீழே தொடங்க வேண்டும். எங்கள் விபத்தன்று இந்தப் பெருக்கல் தொகை 12,400!

மோட்டாரும் கப்பியும்

நம் நாட்டின் 50 சைக்கிள் மின்சாரத்தில் நான்கு துருவ மோட்டார் சுமார் 1,440 சுற்று ஓடும். மோட்டாரில் 2½ அங்குலக் கப்பியும் அச்சில் 7½ அங்குலக் கப்பியும் மாட்டினால் அச்சு 480 சுற்று ஓடும். வேகம் மூன்றில் ஒன்றாகும். முறுக்கு விசை மும்மடங்காகும். ஒரு குதிரைத்திறன் மோட்டார் இம்முறையில் 12 அங்குலக் கட்டையின் விளிம்பில் சுமார் 10 கிலோ விசை தரும்.

இப்போது வேகத்தைத் திருகிக் குறைக்கும் மின்னணு டிரைவ் கருவிகள் கிடைக்கின்றன. ஒற்றை ஃபேஸ் இணைப்பிலிருந்தே சிறிய மூன்று ஃபேஸ் மோட்டாரை இவற்றால் ஓட்டலாம் என்பது பெரிய வசதி. ஆனால் “இனிக் கப்பியே வேண்டாம்” என்று விற்பவர் சொன்னால் நம்பிவிடக் கூடாது. டிரைவ் வேகத்தைக் குறைக்குமே அன்றி முறுக்கு விசையைக் கூட்டாது. மேலே சொன்ன அதே மோட்டார், கப்பி மாற்றாமல் டிரைவால் மட்டும் 480 சுற்றுக்கு இறங்கினால், விளிம்பில் கிடைப்பது மூன்றரைக் கிலோவுக்கும் குறைவு. உளி ஆழமாகப் பட்டால் நின்றுவிடும். இரண்டும் சேர்ந்திருப்பதே சிறந்தது.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ள வேண்டும். ஒரே தடிமனுள்ள வட்டக் கட்டையின் விட்டம் இரட்டித்தால் எடை நான்கு மடங்காகும். சடத்துவத் திருப்புத்திறனோ பதினாறு மடங்காகும். பெரிய கட்டையைத் தொடக்கத்தில் சுழற்ற மோட்டார் திணறுவது இதனால்தான்.

எடையும் அச்சும்

லேத்து கனமாக இருப்பது குறையன்று. அதுவே அதன் பலம். வார்ப்பிரும்புப் பெட் அதிர்வை விழுங்கும். கீழே கான்கிரீட் போட்டுப் போல்ட்டு முடுக்கினால் இன்னும் நல்லது.

மிருதங்கக் கூட்டை உள்ளே குடையும்போது டெயில்ஸ்டாக்கை விலக்கிவிட வேண்டும். அப்போது இரண்டடிக் கட்டை ஒரு முனைப் பிடிப்பில் தொங்கும். அவ்வளவு சுமையும் முன் பேரிங்கின் மேலேயே விழும். ஆகவே தடித்த அச்சும் பெரிய பேரிங்கும் வேண்டும். கட்டையின் மறுமுனையைத் தாங்கும் ஸ்டெடி ஒன்றும் வேண்டும். நம்மிடம் உள்ள பேஸ்பிளேட்டின் மரை புதிய அச்சுக்குப் பொருந்துமா என்றும் பார்த்துக்கொள்வது செலவைக் குறைக்கும்.

பழைய லேத்தைச் சோதிக்கும் முறை

புதியது வாங்க எல்லாராலும் இயலாது. பழையதில் மூன்று சோதனைகள் போதும். முதலாவது, டெயில்ஸ்டாக்கை நகர்த்தி இரு சென்டர் முனைகளும் நேருக்கு நேர் தொடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, அச்சின் கீழ் ஒரு கட்டையைக் கொடுத்து நெம்ப வேண்டும்; ஆட்டம் தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. மூன்றாவது, பெட்டின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து ஒவ்வொரு வேகத்திலும் ஓட்ட வேண்டும். தண்ணீர் எந்த வேகத்தில் துள்ளுகிறதோ அந்த வேகம் ஆகாது.

முடிவுரை

செய்யப் போகும் வேலை, சென்டர் உயரம், குறைந்த வேகம், முறுக்கு விசை, எடை, பேரிங் — இந்த வரிசையில் பார்த்துக் கடைசியில் விலையைக் கேட்க வேண்டும். நாங்கள் முன்பு விலையை முதலில் கேட்டோம்; மற்றவற்றைக் கேட்கவே இல்லை.

கடன் வாங்கி, 10 அங்குலச் சென்டர் உயரமும் 300 சுற்று வரை இறங்கும் வேகமும் உள்ள பழைய லேத்து ஒன்றை வாங்கினோம். பெட்டின் நீளம் நான்கரை அடிதான். “சின்ன லேத்தைப் போய்ப் பெரிய லேத்து என்கிறீர்களே” என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சிரித்தார். முதல் பலாக் கட்டையை மாட்டி 350 சுற்றில் ஓட்டியபோது அப்பா ஒரு கையால் உளியைப் பிடித்திருந்தார். மறு கையைப் பெட்டின் மேல் வைத்துப் பார்த்தார். கட்டை உருண்டையாகும் வரை நான் சுவிட்சுக்கு அருகிலேயே நின்றேன். நிறுத்தும் தேவை வரவில்லை.

தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஒரு சூத்திரம் என் தந்தையின் தோளைக் காக்கும் என்று நான் எண்ணியதில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டுத் தொழிலிலும் இப்படி ஒரு கணக்கு போடப்படாமல் கிடக்கலாம், போட்டுப் பாருங்கள்.